நம்ம கம்பெனி காபி

திண்டிவனத்தில் மருந்துக்குக்கூட ஒரு காபிச் செடி கிடையாது. அப்படியும் எண்பத்தாறாம் வருஷக் கோடையில் குடகுப் பக்கம் மழை பெய்ததா என்று விசாரித்துக்கொண்டு நாலைந்து பேர் காலையில் கண் விழித்தார்கள். சொந்த ஊர் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் விருத்தாசலம். தாலுகா ஆபீசில் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இனிமேல் மனுவும் கையுமாகத் தன் எதிரில் யாரும் நிற்கப்போவதில்லை என்பது ஓய்வு பெற்ற மறுநாளே அவருக்கு விளங்கிவிட்டது. அந்தக் குறையைப் போக்க இங்கிலீஷ் பேப்பரின் பங்கு விலைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் மெட்ராஸ் ரோட்டில் உள்ள செபஸ்தியான் காபிக் கடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தில் கோடு போடுவார். என்ன கோடு என்று கேட்டால், "உனக்குச் சொன்னா புரியாது" என்பார். கேட்காவிட்டால் அவரே சொல்லுவார்.

அப்படிக் கோடு போட்டுக் கண்டுபிடித்ததுதான் குடகில் எஸ்டேட் வைத்திருந்த மஞ்சுகிரி காபி லிமிடெட்.

"மூணு காபி வெலையில ஒரு பங்கு. எஸ்டேட்டு, மெஷினு, ஜீப்பு எல்லாத்துலயும் நமக்குப் பாத்தியதை" என்றார்.

பக்கத்தில் இருந்த கண்ணையன் மயிலத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருப்பவர். "மூட்டைய எங்க சார் எறக்குவாங்க?" என்று கேட்டார்.

"மூட்டை இல்லப்பா. காயிதம்."

"மல்லாட்டைன்னா வெல ஏறலன்னாலும் எண்ணெ ஆட்டிக்கலாம். காயிதத்த இன்னா பண்றது?"

"அது ஏறும்."

துணைத் தாசில்தார் ஏறும் என்று சொன்னால் ஏறாமல் போகுமா? விழுப்புரத்தில் பங்கு ஏஜெண்டாக இருந்த லூர்துநாதன் மூலம் எல்லாரும் வாங்கினார்கள். கடைக்காரன் செபஸ்தியானும், கூரையை மாற்றுவதற்கு வைத்திருந்த பணத்தைப் போட்டு வாங்கினான். அவன் மனைவி அமல்ராணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்தக் கம்பெனிக்காரங்க நம்ம கடையில பங்கு வாங்குவாங்களா?"

முதல் இரண்டு வாரத்தில் விலை கொஞ்சம் ஏறியது. விருத்தாசலம் வீட்டு வாசலில் 'துணைத் தாசில்தார் (ஓய்வு)' என்ற பலகைக்கு மேலே 'பங்குதாரர், மஞ்சுகிரி காபி லிமிடெட்' என்ற புதுப் பலகை ஏறியது. அதன் பிறகு பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. விலையும் அப்படியே.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலை விருத்தாசலம் பேப்பரை மடித்து வைத்தார்.

"விலை ஏன் ஏறலன்னு கண்டுபிடிச்சிட்டேன். நாம இப்ப குடிக்கிறோமே, இது யார் காபி?"

"அமல்ராணி காபி" என்றார் கண்ணையன்.

"அதான். முதலாளிங்க நாமளே நம்ம கம்பெனி காபிய குடிக்கலன்னா வேற எவன் குடிப்பான்? நாம குடிச்சா விக்கும், வித்தா லாபம், லாபம் வந்தா ஏறும்."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. செபஸ்தியானின் கடை நடப்பதே அமல்ராணியின் பொடியால்தான். பாண்டிச்சேரியிலிருந்து கொட்டை வாங்கி வந்து, தானே வறுத்து, விடியலில் தானே அரைப்பாள். மெட்ராஸ் – திருச்சி பஸ் ஓட்டும் பாண்டுரங்கன் அந்த வாசனைக்காகத்தான் தன் வண்டியை இந்தக் கடை முன்னால் நிறுத்துவான். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் காசு கிடையாது. வண்டியில் இருக்கும் மற்றவர்கள் காசு கொடுப்பார்கள். அந்த வண்டியைப் பார்த்துத்தான் மற்ற வண்டிகளும் நிற்கும். பஸ் நின்றால் அது கடை, நிற்காவிட்டால் வெறும் கொட்டகை.

இது செபஸ்தியானுக்குத் தெரியாததல்ல. ஆனால் காபி கொண்டுபோகும் தாலுகா ஆபீசில் அவனை எல்லாரும் "ஏய் காபி" என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். விருத்தாசலம் இப்போது எழுந்து அவன் தோளில் கை வைத்து, "சக பங்குதாரர் செபஸ்தியான் இதுக்கு ஒத்துழைக்கணும்" என்றார். மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?

மறுவாரம் மஞ்சுகிரி காபிப்பொடி பெரிய தகர டப்பாவில் வந்து இறங்கியது. அமல்ராணி ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, புளியங்கொட்டைய வறுத்த மாரி இருக்குது?"

"சிக்கரி சேர்த்திருப்பாங்க."

"சிக்கரியிலதான் காபிய சேர்த்திருக்காங்க."

பங்குதாரர்கள் குடித்தார்கள். விருத்தாசலம் மருந்து குடிப்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "கனமா இருக்கு" என்றார். கண்ணையன் சர்க்கரை கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார்.

பாண்டுரங்கன் ஒரு வாய் வைத்தான். டயர் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தான். "அண்ணே, ஊட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"இல்லியே. இது எங்க கம்பெனி காபி."

"அப்பிடியா" என்று தம்ளரை மரியாதையாக வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் பஸ் கடைக்கு முன்னால் மெதுவாக வந்தது. நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, சீனுவாசன் டீ ஸ்டால் வாசலில் போய் நின்றது. அந்த வாரக் கடைசிக்குள் மற்ற பஸ்களும் அங்கே போய்விட்டன. செபஸ்தியானின் கடையில் பங்குதாரர்களும் ஈக்களும் மட்டும் மிச்சம்.

"தபாருங்க" என்றாள் அமல்ராணி. "இப்பிடியே போனா இன்னும் ஒரு மாசம். அப்பறம் அடுப்ப அணைச்சிட்டு எங்கம்மா ஊட்டுக்குத்தான் போவணும். கம்பெனி வேணுமா, கடை வேணுமா, நீங்களே சொல்லுங்க."

செபஸ்தியான் இரண்டு நாள் யோசித்தான். பங்குகளை விற்றுத் தொலைத்துவிட்டால், பங்குதாரர் இல்லை. பங்குதாரர் இல்லாவிட்டால் கம்பெனி காபி போட வேண்டியதில்லை. இதை விருத்தாசலத்தின் முகத்துக்கு நேராகச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. பத்திரங்களைப் பேப்பரில் சுற்றி, சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு, மச்சான் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினான்.

லூர்துநாதனின் ஆபீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஹோட்டலின் மாடியில். செபஸ்தியான் படியேறிப் போனால், பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் அணைத்தபடி கண்ணையன்.

"செபஸ்தி, நீ எங்க இப்பிடி?"

"ஒரு காபி குடிக்கலாம்னு வந்தேன்" என்றான் செபஸ்தியான். "நீங்க?"

"நானும் காபிக்குத்தான்."

"கடை கீழதான இருக்குது?"

"குடிச்சிட்டேன். மாடி ஏறினா சீரணம் ஆவும்னு சொன்னாங்க."

கம்பெனிக்குத் துரோகமாக வேறு காபி குடிக்க வந்ததை இருவரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் உள் அறையிலிருந்து லூர்துநாதன் குரல் கேட்டது. "சார், எத்தினி வாட்டி சொல்றது? உங்க பங்கை வாங்க ஆள் இல்ல சார்." கதவைத் திறந்துகொண்டு விருத்தாசலம் வந்தார்.

பெஞ்சைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "விக்கிறதுக்கு வர்ல. விக்கப் போனா இன்னா சொல்றாங்கன்னு ஒரு தணிக்கை."

பின்னாலேயே வந்த லூர்துநாதன் மஞ்சள் பையையும், செபஸ்தியானின் இடுப்புப் புடைப்பையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இந்த வருசம் என்கிட்ட மஞ்சுகிரி வாங்கினது திண்டிவனம் ஒண்ணுதான். ஏன் ஏறிச்சின்னா நீங்க வாங்கினதால ஏறிச்சி. இப்ப விக்கறதும் திண்டிவனம்னா, உங்களுக்குள்ளயே மாத்திக்குங்க. எனக்கு ரெண்டு பக்கமும் கமிஷன் வந்துட்டா சரி."

மூன்று பேரும் கீழே இறங்கிக் காபி குடித்தார்கள். காபி நன்றாக இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. மூவருக்கும் விருத்தாசலமே காசு கொடுத்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையிலும் அதற்குப் பிறகும் இப்படி ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

திண்டிவனத்தில் இறங்கிய செபஸ்தியான் தன் கடை முன்னால் பாண்டுரங்கனின் பஸ் நிற்பதைப் பார்த்தான். அவன் இல்லாத நேரத்தில் அமல்ராணி தன் பொடியில் காபி போட்டு, தம்ளரும் கையுமாக ரோட்டில் நின்று, சீனுவாசன் கடைக்கு முன்னால் வேகம் குறைந்த பஸ்ஸின் ஜன்னல் வழியாக டிரைவரிடம் நீட்டியிருக்கிறாள். பாண்டுரங்கன் குடித்துவிட்டு, வண்டியைப் பயணிகளோடு ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"சார் கேட்டா இன்னா சொல்றது?" என்றான் செபஸ்தியான்.

"டப்பா கம்பெனியோடதுதான. சாருக்கு டப்பாதான் தெரியும்."

மறுநாள் காலை விருத்தாசலம் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். கண்ணைத் திறந்தார். இன்னொரு வாய் குடித்தார். டப்பாவைப் பார்த்தார். ரோட்டில் வரிசையாக நின்ற பஸ்களைப் பார்த்தார்.

"மேனேஜ்மெண்ட் மாறிடுச்சி" என்றார் மெல்ல. "இது பேப்பர்ல வர்றதுக்கு இன்னும் ஒரு மாசம் ஆவும். நமக்கு நாக்குலயே வந்துடுச்சி."

பிறகு குரலில் பரிவு சேர்ந்தது. "பாவம், நேத்து நீங்க ரெண்டு பேரும் படியேறி வந்ததப் பாத்ததுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. வாங்கின வெலைக்கே நான் எடுத்துக்கறேன்."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் கண்ணையனின் மஞ்சள் பை மேஜைக்கு வந்துவிட்டது.

செபஸ்தியான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். கையைப் பிசைந்தான். "சார், ஒண்ணு சொல்லணும். அந்த டப்பாவுல இருக்கறது எங்க பொடி. கம்பெனிது இல்ல."

விருத்தாசலம் சிரித்தார். "முப்பது வருசம் ரெவின்யூவுல இருந்தவன்யா நான். நெலத்தை விக்க மனசு இல்லாதவன் எல்லாம் 'அது களர் நெலம் சார்'னுதான் சொல்லுவான். சரி, பங்குக்கு நாலணா சேர்த்துக் குடுக்கறேன்."

"இல்ல சார், நெஜமாவே அமல்ராணி அரைச்ச பொடி."

"எட்டணா."

"அந்தோணியார் மேல சத்தியமா சார்—"

"சாமிய எல்லாம் இழுக்கற அளவுக்கு வந்துட்ட. அப்ப விஷயம் பெருசுதான். முக்கா ரூபா. அதுக்கு மேல ஒரு காசு கெடையாது."

உள்ளேயிருந்து அமல்ராணியின் குரல் வந்தது. "ஏங்க, இன்னொரு வாட்டி உண்மைய சொல்லாதீங்க. சாரு பென்சன்ல இருக்கறவரு."

விருத்தாசலம் நீட்டிய பங்கு மாற்றுப் பாரத்தில் செபஸ்தியான் கையெழுத்துப் போட்டான். விருத்தாசலம் பத்திரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, வாங்கின விலைக்கே கொடுத்துவிட்ட கண்ணையன் பக்கம் இரக்கத்தோடு ஒரு பார்வை பார்த்தார். செபஸ்தியானுக்கு மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்ப்பது என்று வாயைத் திறந்தான். அதற்குள் பாண்டுரங்கனின் வண்டி வந்து நின்று, ஒரு பஸ் ஆட்கள் காபிக்கு இறங்கிவிட்டார்கள்.