புயல் தெரிந்தவள்

ரோஸ்மேரி கடலைப் பார்த்தது வாழ்நாளில் இரண்டே முறை. ஒன்று, சிறுவயதில் வேளாங்கண்ணிக்குப் போனபோது. இன்னொன்று, தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் பஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. அவளுடைய ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கம். குடிதண்ணீருக்கே குடங்களை வரிசையில் வைக்கிற பூமி. ஆனாலும் பல்லடம் ரோட்டில் தனபால் நடத்திய பனியன் கம்பெனியில் அவளுக்குக் கடற்கரைக்காரி என்றே பெயர். தெற்கத்திக் கிறிஸ்தவள் என்றால் அப்பாவுக்குப் படகு இருக்கும் என்று யாரோ ஒருநாள் முடிவுசெய்துவிட்டார்கள். பனியனில் பிசிறு வெட்டுகிற அவசரத்தில் அவளும் அதைத் திருத்தவில்லை.

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு நாள் காலை, டிவியில் கீழே எழுத்து ஓடியது. கரையைக் கடக்கும் புயலால் மேற்கு மாவட்டங்களிலும் சூறைக்காற்று வீசலாம் என்றது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். சுழற்காற்று லாரியையே தூக்கிவிடும் என்று எல்லோருடைய செல்போனிலும் எஸ்எம்எஸ் வந்தது.

தனபால் கம்பெனிக் கூரையை அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரைக்குக் கீழே ஏற்றுமதிக்கான குழந்தைகள் பனியன் பெட்டி பெட்டியாக நின்றது. நெஞ்சில் மஞ்சள் வாத்துப் படம் போட்ட வெள்ளைப் பனியன்.

“ஆடி மாசத்துக் காத்துன்னா எனக்குத் தெரியும். இது புயலுங்கறான். இதுக்கு என்ன பண்ணோணும்?” என்று சூப்பர்வைசர் இசக்கிமுத்துவிடம் கேட்டார்.

“நம்ம ரோஸ்மேரியக் கேளுங்க மொதலாளி. அது கடக்கரையிலயே பொறந்து வளந்தது” என்றான் இசக்கிமுத்து.

அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவளுக்கு மெத்தை வைத்த நாற்காலி கிடைத்தது. பீங்கான் கப்பில் டீ வந்தது. மேலே ஏசி ஓடியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

“மொதலாளி, அது வந்து...”

“தயங்காமச் சொல்லு அம்மிணி. நீ சொல்றதத்தான் செய்யறது.”

அந்தக் கம்பெனியில் பதினோரு வருடத்தில் அவள் சொன்னதை யாரும் செய்ததில்லை. டீயை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டாள்.

“மொதல்ல கூரையைக் கட்டணும்” என்றாள்.

அதை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் தனபால் அசந்துபோய்த் தலையாட்டினார். அதோடு ரோஸ்மேரிக்குத் தைரியம் வந்துவிட்டது. கடைகளில் கயிறு தீர்ந்திருந்தது. வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட்டைத் திரித்துக் கயிறாக்கச் சொன்னாள். மிஷின்களுக்குத் தார்ப்பாய் போர்த்தச் சொன்னாள்.

“ஜன்னல மூடணுமா, தொறக்கணுமா?” என்று கேட்டான் இசக்கிமுத்து.

ரோஸ்மேரி ஒரு நிமிடம் யோசித்தாள். “பாதி” என்றாள். “காத்து வந்துட்டுப் போவ வழி வேணும்லா?”

எல்லா ஜன்னலும் பாதி திறந்து நின்றன.

கொஞ்ச நேரத்தில் முதலாளி மனைவி இந்துமதி காரில் வந்து இறங்கினாள். பின்சீட்டில் போர்வை சுற்றிய டிவியும் மிக்சியும் இருந்தன.

“நம்மூடு ஓட்டு ஊடுங்க. புயல் தெரிஞ்ச ஆள் இங்கதான இருக்குது? அதான் வந்துட்டேன்” என்றாள்.

புயல்தான் வரவில்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். தனபால் ரோஸ்மேரியைப் பார்த்தார்.

“வர்றதுக்கு முந்தி இப்படித்தான் சும்மா இருக்கும் மொதலாளி” என்று சொல்லிவிட்டு அவள் பாத்ரூமுக்குப் போனாள். மாதாவே, புயல் வரணும் என்று வேண்டினாள். ஐயோ, ஊர் நாசமாகிவிடுமே என்று பயந்து, வரவேண்டாம் என்று மாற்றி வேண்டினாள்.

முதல் வேண்டுதலே மேலே போயிருக்கவேண்டும். அவள் திரும்பி வருவதற்குள் தெற்கே வானம் கறுத்தது. ரோட்டுப் புழுதி ஒரு தூணாகச் சுழன்று எழுந்தது. எந்தக் கடையுடையதோ ஒரு பிளக்ஸ் போர்டு கூரைக்கு மேலே பறந்துபோனது. பாதி திறந்த ஜன்னல்கள் அத்தனையும் படபடவென்று அடித்துக்கொண்டன.

ரோஸ்மேரி, “மாதாவே! காப்பாத்தும்!” என்று அலறிக்கொண்டு கட்டிங் டேபிளுக்கு அடியில் பாய்ந்தாள்.

புயல் வந்தால் செய்யவேண்டிய முறை இதுதான் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பேக்கிங் பெண்கள், டெய்லர்கள், இசக்கிமுத்து, மிக்சியைக் கட்டிக்கொண்டு இந்துமதி, எல்லோரும் அடியில் புகுந்து “மாதாவே!” என்று கத்தினார்கள். நெற்றி நிறையத் திருநீறு வைத்திருந்த தனபாலின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

“மொதலாளி, எனக்குப் புயலப் பத்தி ஒண்ணும் தெரியாது! எங்க ஊர்ல கடலே கெடையாது!” என்று கத்தினாள் ரோஸ்மேரி.

தகரச் சத்தத்தில் தனபாலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “ஆமா அம்மிணி, நீ சொன்னாச் சரி! இன்னும் சத்தமாக் கும்பிடுங்க எல்லாரும்!” என்றார்.

வேஸ்ட் கயிறுகள் படீர் படீரென்று அறுந்தன. தகரங்கள் சில பிய்த்துக்கொண்டு போயின. பேக்கிங் பெண்கள் நின்றிருந்த இடத்தில் கூரைச் சட்டம் ஒன்று வந்து விழுந்தது. பெட்டிகள் உடைந்து, வெள்ளைப் பனியன்கள் கூட்டமாக எழும்பி, கூரை இருந்த இடத்தின் வழியே வெளியேறின.

பிறகு மழை கொட்டியது. அது ஓய்ந்ததும் எல்லோரும் ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

விழுந்து கிடந்த சட்டத்தைப் பார்த்த தனபாலுக்குக் கண் கலங்கியது. “அம்மிணி மட்டும் இல்லீன்னா...” என்று ஆரம்பித்தார்.

ரோஸ்மேரியால் அதற்கு மேல் தாங்கமுடியவில்லை. சங்கரன்கோவிலில் தொடங்கி பஸ் ஜன்னல் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“அப்ப அந்த ஜன்னலு பாதி?” என்றார் தனபால்.

“சும்மா சொன்னேன் மொதலாளி.”

“மாதாவேன்னு கத்துனது?”

“அது பயத்துல.”

இந்துமதி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தனபால் நெற்றியில் கரைந்திருந்த திருநீற்றைத் துடைத்துக்கொண்டார்.

“நானும் பயத்துலதான் கத்துனேன்” என்றார். “செரி, போயி பனியனைப் பொறுக்குங்க.”

ரோட்டுக்கு எதிர்ப்புறம் பழனிமுத்துப் பெரியவரின் தென்னந்தோப்பு. ஒவ்வொரு மரத்து உச்சியிலும் மஞ்சள் வாத்துகள் தொங்கின. வரப்பில் நின்றிருந்த பெரியவர் தன் எருமையைக் கைகாட்டினார். அதன் ஒரு கொம்பில் பனியன் ஒன்று அடிவரைக்கும் இறங்கி மாட்டியிருந்தது.

“ஏனுங்க, இதைய யாராச்சும் கழட்டிக்கிட்டுப் போங்க. பால் கறக்க விடமாட்டீங்குது!”

யாரும் நகரவில்லை. ரோஸ்மேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கடல்தான் தெரியாது; மாடு அவளுக்கு நன்றாகவே தெரியும். எருமை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பனியனோடு தோப்புக்குள் ஓட்டம் பிடித்தது.