நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

வண்டி வாங்கப் போகிறவர்கள் வண்டியில் குறை தேடுவது விலையைக் குறைக்கத்தான். சகாதேவன் அன்று குறை தேடியது அதற்காக அல்ல. எந்த வண்டியும் தேறாமல் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும் என்று அவர் உள்ளூர அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைத்தடியை ஊன்றி நின்ற அவர் மனைவி தங்கம்மாளோ, இன்றைக்கு ஒன்றை வாங்காமல் போவதில்லை என்று காலையிலேயே தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பி வந்திருந்தாள்.

இடம், வேங்கிக்காலில் ஜியாவுல்லாவின் பழைய வண்டி ஷெட். எந்த ரிசார்ட் மூடினாலும், எந்தக் கேளிக்கைப் பூங்கா நொடித்துப்போனாலும் அங்கிருந்த வண்டிகள் கடைசியில் இவரிடம்தான் வந்து சேரும். அப்படி வந்த மூன்று குவாட் பைக்குகள் கூரைக்கடியில் வரிசையாக நின்றன. பைக் மாதிரி கைப்பிடி, பைக் மாதிரி சீட்டு, கீழே மட்டும் தடித்தடியாக நாலு சக்கரம். எலும்பு மருத்துவரிடம் போய்வரும் ஆட்டோவிலிருந்து தங்கம்மாள் இவற்றைப் பல நாள் பார்த்திருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டாள்.

"நாலு காலும் தரையில நிக்குது. அதுல ஒண்ணு வாங்கினா நானே கொல்லைக்குப் போயிடுவேன்."

சகாதேவன் கேட்காத மாதிரி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

கொல்லை என்றால் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால், ஓடையைத் தாண்டி இருக்கும் மானாவாரி நிலம். அது தங்கம்மாளின் ராஜ்ஜியம். சகாதேவன் அரசு பஸ் ஓட்டியவர். வேலூர் ரோட்டில் எந்த வளைவில் எந்தக் கியர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்; மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடிக்கும் களைக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பார். உழவு, விதை, கூலியாள், அறுவடை எல்லாம் அவள் பாடு. மொபெட்டில் போவாள், மொபெட்டில் வருவாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஓடைச் சேற்றில் அந்த மொபெட் சறுக்கியதில் தொடை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்து, சிகிச்சைக்கு வசதியாக இருக்கட்டும் என்று வேங்கிக்காலில் மகள் கீதாஞ்சலி வீட்டோடு வந்துவிட்டார்கள். வீட்டுக்குள் தடியோடு நடப்பாள். வரப்பில் நடக்கக் கூடாது, இரண்டு சக்கர வண்டியைத் தொடவே கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவள் காலுக்காக அழவில்லை, விதைத்துவிட்டு வந்த மல்லாட்டைக்காக அழுதாள். "நான் பாத்துக்கறேன், நீ கண்ண மூடித் தூங்கு" என்று சகாதேவன் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மனுஷன் பாடுபடத்தான் செய்தார். ஆனால் பல வருஷமாக அவள் சொல்படி நிலத்தில் வேலை செய்த மூர்த்தி, செய்யாறு பக்கம் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டான். வேறு ஆள் தேடுவதற்குள் கோரை மண்டியது. மிச்சம் இருந்த செடியைப் பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் புரட்டிப் போட்டது. அதற்கப்புறம் அந்த நிலத்தில் ஏர் இறங்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறி, தன் நிலத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பக்கத்து நிலத்துக்காரர் தருமனின் கொல்லையை வீடியோ எடுத்தார். அதில் மல்லாட்டை வரிசை வரிசையாகப் பூத்து நின்றது. தங்கம்மாள் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துவிட்டு அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள். அந்த இரண்டு இட்லிதான் சகாதேவனைக் கெடுத்தது. அடுத்த போகத்துக்கும் தருமன் கொல்லைதான் வீடியோவில் வந்தது. வீட்டுக்கு வந்த மல்லாட்டையும் தருமன் கொல்லையுடையதுதான். "கொல்லை எப்படி கீது?" என்று அவள் கேட்டால் "பச்சப் பசேல்னு கீது" என்பார். அது பொய்யும் இல்லை. கோரையும் பச்சைதானே.

முதல் வண்டி சிவப்பு. சகாதேவன் அதைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது கொழந்தைங்க வெளையாடற வண்டி பாய். எங்க வீட்டம்மா ஏறினா டயர் படுத்துடும்."

"சரியா சொன்னீங்கண்ணே, இது வேணாம்" என்று ஜியாவுல்லா ஒப்புக்கொண்டார். இரண்டாவது கறுப்பு. முன்னால் இரும்புக் கம்பி, பக்கத்தில் தீ எரிவது போல ஸ்டிக்கர், சத்தமும் அமர்க்களம். மூன்றாவது மங்கிய பச்சை. பார்வைக்கு ஒன்றும் இல்லை.

"இதுல நம்பர் பிளேட்டே காணமே" என்றார் சகாதேவன். பிடிக்க ஒரு கொம்பு கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது. "நம்பர் இல்லாத வண்டிய என் சர்வீஸ்ல நான் தொட்டதில்ல."

"ரோட்டுல ஓட்டற வண்டி இல்லண்ணே இது. ரிஜிஸ்டர் பண்ண மாட்டாங்க. குட்டி யானை லாரில ஏத்திக் கொண்டுபோய் நெலத்துல எறக்கிட வேண்டியதுதான். அங்கியே ஷெட்டு போட்டு நிறுத்திக்குங்க."

"ரோட்டுக்கு இன்னாத்துக்கு?" என்றாள் தங்கம்மாள். "எனக்கு ஓடைதான் தாண்டணும். பாய், ஏரிக்கரைல சேறா கீது. அங்க எறக்கிக் காட்டுங்க."

ஜியாவுல்லா தயங்கினார். "சேத்துல எறக்கிப் பாத்துதான் வாங்குவீங்களாக்கா?"

"மாட்ட நடத்திப் பாக்காமலா வாங்குறோம்?"

ஐப்பசி மழையில் வேங்கிக்கால் ஏரியோரம் நொதநொதவென்று கிடந்தது. கறுப்பு வண்டியில் சகாதேவனே ஏறினார். பத்தடி போவதற்குள் பின்சக்கரம் புதைந்து, போட்ட சத்தமெல்லாம் அடங்கியது. அது பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி என்று ஜியாவுல்லா அப்போதுதான் மெல்லச் சொன்னார். கயிறு கட்டி இழுத்தார்கள். சகாதேவனுக்குப் பாதி பாரம் இறங்கியது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

பச்சை வண்டியில் ஏறியதும் ஜியாவுல்லா கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த பட்டனைக் காட்டினார். "சும்மா போறப்ப பின்சக்கரம் மட்டும் இழுக்கும். சேறு வந்தா இத அமுத்துங்கண்ணே, முன்னால இருக்கறதும் சேர்ந்து இழுக்கும். ஆக்சிலேட்டர் கட்டைவிரலால தள்ளணும். கியர் போடற வேலையே இல்ல."

சகாதேவன் எல்லாம் புரிந்ததாகத் தலையாட்டினார். சேறு வந்தது. பட்டனை அவர் அமுத்தவில்லை. கட்டைவிரலை மட்டும் தள்ளினார். பின்சக்கரங்கள் சுழன்று சேற்றை வாரி இறைத்தன, வண்டி அசையாமல் உட்கார்ந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ வண்டிகளைச் சேற்றிலிருந்து மீட்டவர், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வண்டியை வேண்டுமென்றே சேற்றில் உட்காரவைத்தார்.

"பாத்தியா தங்கம்? இதுவும் அதே கததான். வா, வீட்டுக்குப் போலாம்."

தங்கம்மாள் தடியை ஊன்றிச் சேற்றின் ஓரம் வரை வந்தாள். அசையாமல் நின்ற முன்சக்கரங்களைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். சகாதேவன் கைப்பிடியில் தெறித்த சேற்றைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார்.

"எறங்குங்க" என்றாள்.

ஜியாவுல்லா ஓடிப்போய் இரண்டு பலகையைக் கொண்டுவந்து போட்டார். நாற்று நடும்போது செருகுவது போல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கை தடியிலும் ஒரு கை ஜியாவுல்லாவின் தோளிலுமாக நடந்து, நோகாத காலை வைத்து ஏறி உட்கார்ந்தாள். தடியை முன்னால் இருந்த கம்பிக் கேரியரில் செருகினாள். பட்டனை அமுத்தினாள். கட்டைவிரலை மெதுவாகத் தள்ளினாள். முன்சக்கரம் இரண்டும் மண்ணைக் கவ்வின. வண்டி ஒரு தடவை முனகிவிட்டு, குழியிலிருந்து எழுந்து நடந்து வெளியே வந்தது. அவள் அதை நிறுத்தாமல் கரையோரமாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வந்தாள்.

மற்ற நேரமாக இருந்தால் சகாதேவன் கை தட்டியிருப்பார். இரண்டு வருஷமாகச் சுவரைப் பிடித்து நடந்த பெண்பிள்ளை, யார் துணையும் இல்லாமல் போய்வருகிறாள். ஆனால் திரும்பி வந்தவள் முகத்தில் சிரிப்பைக் காணோம். கண் கலங்கி இருந்தது.

"இதுதான் பாய். நாளன்னிக்கே கொல்லைக்குக் கொண்டுபோயிடணும்."

இடையில் இருந்த அந்த ஒரு நாளில் கோரையைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட சகாதேவன் யோசித்தார். பத்து ஆள் இறங்கினாலும் ஆகாத காரியம். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு தடவையும் காப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார். அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குட்டி யானை செஞ்சி ரோட்டில் போனது. பின்னால் பச்சை வண்டி கயிறு கட்டி நின்றது. முன்னால் டிரைவர் பக்கத்தில் இருவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வழிநெடுக விளைநிலமெல்லாம் வீட்டுமனையாகி, மஞ்சள் அடித்த கற்கள் நட்டு, கொடி கட்டிக் கிடந்தன. தங்கம்மாள் ஒவ்வொன்றையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சகாதேவன் எதையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த அவள் கைத்தடியின் பூணையே திருகிக்கொண்டிருந்தார்.

ஓடைக்கு இந்தப் பக்கம் பலகை சாய்த்து வண்டியை இறக்கினார்கள். தங்கம்மாள் ஏறி உட்கார்ந்தாள்.

"தங்கம், ஒரு நிமிஷம். ஒரு விஷயம் சொல்லணும்."

"அப்பால சொல்லுங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

ஓடையில் கணுக்கால் தண்ணீர், அடியில் களிமண். மொபெட் சறுக்கிய அதே இடம். வண்டி நாலு சக்கரத்தாலும் பற்றிக்கொண்டு, தண்ணீரைப் பிளந்து, எதிர்க்கரை மேட்டில் ஏறி மறைந்தது. சகாதேவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் தன் பின்னால் ஓடிவந்ததையெல்லாம் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர், இப்போது அவர்களைப் போலவே ஓடினார். மூச்சு வாங்க வரப்பில் ஏறியபோது அவள் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே இடுப்புயரத்துக்குக் கோரையும் பார்த்தீனியமும். நடுவே நாலைந்து வேலிக்காத்தான் வேறு முளைத்து, குடை விரித்து நின்றது. பக்கத்தில் தருமன் கொல்லை, சீவி விட்ட தலை மாதிரி. சகாதேவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

அவள் களையைப் பார்க்கவே இல்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நாலு மூலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்லு எங்க?"

"இன்னா கல்லு?"

"மஞ்சக் கல்லு. பிளாட்டுக் கல்லு."

"நம்ம கொல்லைல எதுக்குக் கல்லு?"

"விக்கலியா?" கைப்பிடியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க இத விக்கலியா?"

சகாதேவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். இரண்டு கொல்லைக்கும் நடுவரப்பில் நிற்கிற பனைமரம் வீடியோவில் இடது பக்கம் இருந்ததாம். அதே வரப்பில் நின்று தன் கொல்லையைப் பார்த்தால் அது வலது பக்கம் அல்லவா வர வேண்டும். இது தருமன் கொல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டது, அழுகையை அடக்க வாயில் எதையாவது போட வேண்டியிருந்ததால். தன் நிலத்தைக் காட்டாமல் அடுத்தவன் நிலத்தைக் காட்டுகிறார் என்றால், காட்டுவதற்கு நிலம் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றுவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டாள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்கவும் பயம்; தானே போய்ப் பார்த்துவிடத்தான் இந்த வண்டி.

"ஏரில நீங்க வேணும்னுதான் அந்தப் பட்டன அமுத்தல. முன்சக்கரத்தப் பாத்தவுடனே தெரிஞ்சுது. சரி, நெலம் போச்சு, அதான் நம்மள வரவுடாம பாக்குறார்னு நெனச்சேன். ராத்திரி பூரா தூக்கம் இல்ல."

"உன்னக் கேக்காம எப்டி விப்பேன் தங்கம்?"

"என்னக் கேக்காம தருமன் கொல்லைய மட்டும் காட்டினீங்களே."

சகாதேவன் அதற்கப்புறம் எதையும் மறைக்கவில்லை. மூர்த்தி போனதையும், கோரை ஏறியதையும், பன்றி வந்ததையும் ஒரே மூச்சில் கொட்டினார். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனதில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கம்மாள் கேட்டாள். கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள்.

"கோரைதானங்க? புடுங்கினா போயிடுது. வித்தது திரும்பி வருமா?"

அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. மோட்டார் கொட்டகை நிழலில் நின்ற தருமன், இதுகளுக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்த்தார்.

தங்கம்மாள் இஞ்சினைக் கிளப்பினாள். பட்டனை அமுத்திக்கொண்டு வண்டியை நேராகக் கோரைக்குள் இறக்கினாள். அது மடங்கி வழி விட்டது. நிலத்துக்கு நடுவில் போய் நிறுத்தி, அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"போன எடுங்க. இப்ப எடுங்க வீடியோ. கீதாஞ்சலிக்கு அனுப்பணும்."

சகாதேவன் வரப்பில் எழுந்து நின்று போனை எடுத்தார். பழக்க தோஷத்தில் உடம்பு தருமன் கொல்லைப் பக்கம் திரும்பியது. சட்டென்று சுதாரித்துக்கொண்டு, தன் நிலத்தைப் பார்த்து நின்றார். கோரை, பார்த்தீனியம், பச்சை வண்டி, அதன் மேல் தங்கம்மாள், வலது ஓரத்தில் வரப்புப் பனைமரம், எல்லாம் ஒன்று விடாமல் வீடியோவில் விழுந்தன.