ஓவர்லாக்காரி சொன்ன உண்மை

பள்ளி திறக்க இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. தையல் கடையில் நீலச் சட்டைத் துணி இடுப்பளவு குவிந்து கிடந்தது. அதைப் பத்துப் பத்தாக அடுக்கி வெட்டிக்கொண்டிருந்தவளை எல்லோரும் கட்டிங் அக்கா என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. அவளுடைய கத்திரிக்கோல் அதிகக் கூர்மையா, காது அதிகக் கூர்மையா என்பது கடையில் இன்னும் தீராத வழக்கு.

அன்று பேச்சை ஆரம்பித்தவள் காலர் தைக்கும் பெண். கல்யாணமாகி எட்டு மாதம். "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுக் கேட்டே ஊர் அவளைத் துளைத்தெடுத்திருந்தது.

"எல்லாரும் பெத்துக்கோ, பெத்துக்கோங்கறாங்க. உண்மையைச் சொல்லுங்கக்கா, நல்லாத்தான் இருக்குமா?"

"அதைவிட வேற என்னடி பாக்கியம் இருக்கு?" என்றாள் பட்டன் வைப்பவள்.

ஓவர்லாக் மெஷினில் துணி ஓரங்களை நூல் பிரியாதபடி அடித்துக்கொண்டிருந்த ஓவர்லாக்காரி தலை நிமிராமல் சொன்னாள். "மறுபடி முதல்லேருந்து வாழ விட்டா, நான் பெத்துக்க மாட்டேன்."

மெஷின்கள் எல்லாம் நின்றன. அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

"வாயைக் கழுவு" என்றாள் பட்டன் வைப்பவள். "ஒரு தாய் பேசற பேச்சா இது?"

"கேட்டா, சொன்னேன்" என்று ஓவர்லாக்காரி மறுபடி மெஷினை மிதித்தாள்.

கட்டிங் அக்காவுக்கு மண்டை குடைந்தது. மகளுக்கு லேசாகக் காய்ச்சல் என்றாலே பாதி வேலையில் எழுந்து ஓடுபவள் இவள். இவள் வாயிலிருந்தா இப்படி? குடைச்சல் தாங்காமல், அன்று மாலை காய்கறிக் கடையில் எதிர்ப்பட்ட ஓவர்லாக்காரியின் நாத்தனாரிடம் அதை அப்படியே சொல்லிவிட்டாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்று சேர்த்துத்தான் சொன்னாள். அப்படிச் சேர்த்துச் சொன்ன பேச்சுக்குத்தான் கால் அதிகம்.

இரண்டு நாள் ஓவர்லாக்காரி வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வீங்கிய கண்களோடு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. மதியம் டீ வந்தபோது அவளுக்கு மட்டும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நடந்தது என்ன என்று காலர் பெண்தான் கட்டிங் அக்காவின் காதில் சொன்னாள்: பெற்ற பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவளிடம் குழந்தையை விட முடியாது என்று நாத்தனார் சிறுமியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டிங் அக்காவுக்கு அதற்குமேல் துணி வெட்ட ஓடவில்லை. மாலையில் ஓவர்லாக்காரியோடு சேர்ந்து நடந்தாள்.

"உன் நாத்தனார்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்க்கா."

"திட்டணும்னா திட்டிடு. ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. பிள்ளைமேல உனக்கு ஆசை இல்லையா?"

ஓவர்லாக்காரி நின்று அவளைப் பார்த்தாள். "இத்தனை பேர் காறித் துப்பினாங்க. கேட்டது நீங்க ஒருத்தர்தான்." பிறகு மெல்லச் சொன்னாள். "அவ என் உயிர். தாயா இருக்கறதுதான் எனக்கு ஒத்து வரலை. காலையில கண்ணு முழிக்கும்போதே யாரோ என் இடத்துல எழுந்திருக்கற மாதிரி இருக்கு. ஆறு வருஷமா அப்படித்தான். அதுக்காக ஒரு நாளாவது அவளைப் பட்டினி போட்டேனா, அடிச்சேனா?"

இருவரும் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். கணவனும் அங்கேதான் இருந்தான். சிறுமி கழுத்தைச் சொறிந்து சொறிந்து சிவக்க வைத்திருந்தாள். மூன்று பிள்ளைகளை வளர்த்த நாத்தனார் பவுடர் போட்டுப் பார்த்திருந்தாள், அதட்டியும் பார்த்திருந்தாள். ஓவர்லாக்காரி மகளின் புதுச் சட்டைக் காலரைத் திருப்பினாள். அங்கே தைத்திருந்த லேபிளின் நூலை நகத்தால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். "இவளுக்கு லேபிள் உறுத்தும். வாங்கின உடனே பிரிச்சிடணும்."

சிறுமி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, நான் உனக்கு வேண்டாமாமே? அத்தை சொன்னாங்க."

ஓவர்லாக்காரி தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீ எனக்கு வேணும். என்னிக்கும் வேணும். அம்மா வேலைதான் அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கு. அது உன் தப்பு இல்லை."

"கணக்குப் பாடம் எனக்குக் கஷ்டமா இருக்கே, அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்."

சிறுமிக்கு அது போதுமானதாக இருந்தது. அத்தை பிள்ளைகளோடு விளையாட உள்ளே ஓடிவிட்டாள்.

கணவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "கஷ்டமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். 'எல்லா அம்மாவுக்கும் இருக்கறதுதானே'ன்னீங்க."

அவன் தலை தாழ்ந்தது. "நாளையிலேருந்து காலையில அவளை எழுப்பிக் குளிப்பாட்டறது என் வேலை" என்றான்.

கட்டிங் அக்கா நாத்தனார் பக்கம் திரும்பிச் சொன்னாள். இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொல்லாதது அது. "என் பையன் பொறந்த வருஷம், பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். யாருக்கும் கேட்கக் கூடாதுன்னு. ஏன்டா பெத்தோம்னு இருக்கும். அவனுக்கு ஒண்ணுன்னா இப்பவும் உயிரைக் குடுப்பேன். ரெண்டும் நிஜம்தான். எனக்கு வாயைத் திறக்க தைரியம் இல்லை. இவ திறந்தா. நான் போய் ஊருக்குச் சொன்னேன்."

பிள்ளைகள் விளையாடிய அறைக்கதவை நாத்தனார் எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த நினைப்பு... பிற்பாடு போயிடுமாக்கா?"

ஓவர்லாக்காரி திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். கட்டிங் அக்கா நாத்தனாரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"சில பேருக்குப் போகும், சில பேருக்குப் போகாது. அந்த நினைப்பு வர்றதால யாரும் கெட்ட தாய் ஆயிடறதில்லை. அதை வெளியே சொல்ல விடாம வாயை அடைக்கறோமே, அதுதான் பாவம். மனசுல இருக்கறதை ஒருத்தி சொன்னா, தீர்ப்புச் சொல்லாம, 'உனக்கு என்னம்மா கஷ்டம்'னு முதல்ல கேட்கணும். சரி, நீ சொல்லு. எப்பலேருந்து இருக்கு?"