இந்த மனையின் மழை எங்கே போகிறது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வாய் அடைபட்டிருந்த நேரத்தில் கிடைத்தது. பல்செட்டுக்கு அளவெடுக்க, பிசைந்த மாவு மாதிரி எதையோ வாய்க்குள் அமுக்கிவிட்டு, "இறுகுற வரைக்கும் அசையாதீங்கம்மா" என்று பல் டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் பயந்துவிடுவேனோ என்று, உதவிக்கு நின்ற பெண் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். குறுக்கே கேள்வி கேட்காமல் நான் கேட்ட ஒரே கதை இதுதான். ஓட்டைகள் இருக்கும் கண்ணுகளா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொன்மையான மொழியொன்று மண்ணின் ஞானத்தைத் தன்—"

அடித்துவிட்டேன். மைக் பிடித்தவர் பேச்சு மாதிரி இருக்கிறது.

சாதாரணமாகவே சொல்கிறேன். அவள் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. அவள் மொழி மிகப் பழையது, இன்று பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களிடம் ஒரு வழக்கம். யாராவது புது இடத்துக்குக் குடிபோனால் தெருப் பெயரைக் கேட்க மாட்டார்களாம். "அங்க விழுற மழை எங்க போகுது?" என்பார்களாம். அதைச் சொல்லத் தெரியாத வரைக்கும் அவர்கள் பார்வையில் உங்களுக்கு வீடே இல்லை.

(அந்த மொழியிலேயே அவள் சொல்லியும் காட்டினாள். வாயில் மாவோடு கேட்டதைத் தப்பாக எழுதி, அவ்வளவு பழைய மொழியைக் கேலிக்கு ஆளாக்க மனசு வரவில்லை.)

3

அவள் கணவன் டெய்லர். வாடகை வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மெஷினைப் போட்டுத் தைக்கிறவன். ஒருவழியாக மனை வாங்கிவிட்டார்கள். இடுப்பளவு மண் கொட்டி மேடாக்கி, தையல் கடைக்குத் தனி அறையோடு வீடு கட்டத் திட்டம். மறுநாள் மண் லாரி வருகிறது. அவள் சந்தோஷமாக அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம் என்று இவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மனைக்குக் கிளம்பிவிட்டாள்.

"விடிஞ்சா லாரி வருது. இப்ப இது தேவையா?" என்றான் டெய்லர்.

"அக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

"முனிசிபாலிட்டி பாத்துக்கும்னு சொல்லு."

"அவங்க எங்க அக்காவுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பாவா?"

முதல் குடத்தை மண்ணே குடித்துவிட்டது. அடுத்த குடம் மெல்ல நகர்ந்தது. அவள் அதன் பின்னாலேயே நடந்தாள். கழுத்தில் டேப்போடு அவன் அவள் பின்னால். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் ஒரு தலை எழுந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"என்னப்பா டெய்லர், நிலத்துக்கு ஜாக்கெட் அளவா?"

"ஆமாண்ணே. கை மட்டும் கொஞ்சம் லூசா வைக்கலாம்னு."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். தண்ணீர் ஒரு பழைய தடத்தில் இறங்கிப் பின்னாலிருந்த ஓடைக்குப் போயிற்று. "சரி, ஓடைன்னு சொல்லிடு" என்றான் டெய்லர். அவளோ தடத்தின் மறுமுனையைத் தேடி மேலே நடந்தாள். அது கண்டக்டர் வீட்டு மதில் ஓட்டையில் தொடங்கியது. அந்த வீட்டு மழை முழுக்க இந்த மனை வழியாகத்தான் வெளியேறுகிறது. மண் கொட்டினால் அவர் முற்றம் குளமாகிவிடும். வாய்க்கால் விட்டால், அது போகிற இடம் தையல் கடைக்கென்று அவன் சுண்ணாம்பில் கோடு போட்ட அறை.

இருவரும் அந்தக் கோடுகளுக்கு நடுவில் நின்றார்கள்.

4

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன், வியப்பில். அவள் மொழியில் இதற்கென்று ஓர் உறவுமுறையே இருக்கிறதாம். எவர் வீட்டு மழை நம் மண் வழியாகப் போகிறதோ, அவர் நமக்கு மாமன் மச்சான் மாதிரி சொந்தம். கல்யாணத்துக்கு முதல் அழைப்பு அவருக்குத்தான். தமிழில் 'மழைச் சம்பந்தி' என்று வைத்துக்கொள்கிறேன், இன்னும் நல்லதாகத் தோன்றினால் மாற்றிக்கொள்ளுங்கள். நாம் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்கிறோம். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. சரிவைப் பார்த்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்த அந்த மனிதர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

5

முடிவு ஒன்று: லாரி வந்தது. மழை வந்தது. கண்டக்டரின் கட்டில் மித—

வேண்டாம். ஒரு மொழி சொன்னது சரி என்று காட்ட ஒரு மனிதர் வீட்டை மூழ்கடிப்பதா? அந்த மொழியே என்னை மன்னிக்காது.

முடிவு இரண்டு: "கடை போனா போகட்டும்" என்றான் டெய்லர், உடனே.

அவ்வளவு நல்லவனை நான் பார்த்ததில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே வருஷக்கணக்காகக் குனிந்து தைத்தவன் அவன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: அன்று சாயங்காலம் அவன் சட்டையை மாற்றிக்கொண்டு தனியாகப் போய்க் கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நான்தாண்ணே."

"நான்னா?"

இதற்குமேல் எழுத மாட்டேன். அவனுக்குக் கடை வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் காய்ந்த தரை வேண்டும். லாரிக்காரரிடம் வேண்டாம் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் வந்து அவன் பக்கத்தில் நில்லுங்கள் கண்ணுகளா. உள்ளே செருப்புச் சத்தம் நெருங்குகிறது. கதவு திறப்பதற்குள், தான் யார் என்று அவன் சொல்லியாக வேண்டும்.