கொடிக்கு எட்டாத நாய்

வரது போட்ட நிபந்தனை ஒன்றுதான். "கொடியில தொங்கற என் மடி வேஷ்டியை அது ஒரு தடவை தொட்டாலும் அன்னிக்கே திருப்பி அனுப்பிடணும். அப்புறம் இந்த ஆத்துல நாய்ப் பேச்சே கூடாது."

மருமகள் பூமா உடனே தலையாட்டினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து நாய் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். இப்போதுதான் கிடைத்திருக்கிறது, அதுவும் ஒரே ஒரு வாய்ப்பாக.

மடி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். துவைத்த வேஷ்டியை யாரும் தொடாத உயரத்தில் காயப்போட வேண்டும். அதற்காகவே கொடி தலைக்கு மேல் இருக்கும். வேஷ்டியைக் கோலால் போட்டுக் கோலால் எடுப்பார்கள். மறுநாள் குளித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டுதான் வரது பெருமாள் முன் உட்காருவார். நடுவில் யார் பட்டாலும் மடி போயிற்று. மின்சாரம் மாதிரிதான்: கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் பாயும்.

"ஹஸ்கி வாங்கலாம்டி. நீலக் கண்ணு!" என்றான் கணவன் ஜனார்தன்.

"பேஷா. பனியில இருக்கறதுக்கு ரெட்டை ரோமம் அதுக்கு. நம்ம ரூம் ஏசியை அதுக்குக் குடுத்துட்டு நீங்க ஹால்ல படுத்துக்கோங்கோ. கரெண்ட் பில்லும் உங்களோடது."

நீலக் கண் அதோடு மூடிக்கொண்டது.

பூமா கொடியின் உயரத்தை அளந்து, இஞ்ச் டேப்போடு மன்னார்புரத்தில் இருக்கும் கால்நடை டாக்டர் சர்ஃபராஸிடம் போனாள்.

"லாப்ரடார் எப்படி டாக்டர்?"

"தங்கமான குணம் மேடம். ஆனா உங்க வீட்டு மொத்தச் சாப்பாட்டையும் அதுவே சாப்பிடும். எழுந்து நின்னா உங்க தோள்ல கை போடும்."

"ஐயோ. ராஜபாளையம்?"

"அது ஓடணுங்க. உங்க ஃப்ளாட்ல ரெண்டு எட்டு வெச்சா சுவர்."

"பொமரேனியன்?"

"ஓயாம குலைக்கும்."

"மாமனார் பாசுரம் சேவிக்கறச்சே?"

"கூடவே பாடும்."

டாக்டர் இஞ்ச் டேப்பைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். "அப்ப டாஷண்ட் வாங்கிக்கங்க. கால் இருக்கான்னு தேடணும். முதுகு நீளம், எகிறினா அதுக்கே ஆபத்து. சாப்பாடும் கொஞ்சம்தான். ஒண்ணே ஒண்ணு: வளைக்குள்ள இருக்கற பிராணியைப் பிடிக்கறதுக்குன்னே உண்டாக்கின ஜாதி. இருட்டா ஒரு பொந்து தெரிஞ்சா நுழைஞ்சிடும்."

"எங்க ஆத்துல பொந்து ஏது டாக்டர்?"

துறையூரில் ஒரு வீட்டில் போட்ட குட்டியை வாங்கி வந்தார்கள். நீளமாக, உருண்டையாக இருந்ததால் தேங்குழல் என்று பெயர் வைத்தார்கள். அதன் தீனிப் பையில் கோழிப் படம் போட்ட பக்கத்தைப் பூமா சுவர்ப்புறமாகத் திருப்பி வைத்தாள். "அதுல என்ன இருக்கு?" என்று வரது கேட்டபோது, "உருண்டைப்பா" என்றான் ஜனார்தன். அதில் பொய் எதுவும் இல்லை.

தேங்குழல் கொடிக்குக் கீழே நின்று வேஷ்டியை அண்ணாந்து பார்க்கும். கொட்டாவி விடும். போய்விடும். பூமா நிம்மதியாகத் தூங்கினாள்.

கொடியில் தொங்கும் வேஷ்டியை எல்லோரும் அளந்தார்களே தவிர, கட்டிக்கொண்ட வேஷ்டியை யாரும் அளக்கவில்லை. வரதுவுக்கு முழங்கால் மடங்காது. நாற்காலியில் உட்கார்ந்துதான் பாசுரம் சேவிப்பார். அப்போது வேஷ்டி கூடாரம் போலத் தரைவரை இறங்கும். உள்ளே இருட்டு. முன்னால் ஒரு வாசல்.

ஏகாதசியன்று காலை பூமா காபியோடு வந்தபோது, அந்த வாசலுக்குள் ஒரு வால் மறைந்துகொண்டிருந்தது. பாசுரத்தை நடுவில் நிறுத்தக்கூடாது. வரதுவின் புருவம் மட்டும் ஏறி இறங்கியது. முடியட்டும், தீர்ப்பு வரட்டும் என்று அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

முடிந்தது. உடனே அடுத்ததை ஆரம்பித்தார். அதுவும் முடிந்து இன்னொன்று.

"இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று ஜனார்தன் கிசுகிசுத்தான்.

கடைசியில் வரதுவுக்குத் தொண்டை வறண்டது. "பூமா."

"அப்பா, கொடியில தொங்கற வேஷ்டின்னுதானே சொன்னேள்?" அவள் ஒரே மூச்சில் கேட்டாள். "இது கொடியில இல்லையே!"

"கத்தாதே. அது என் கால் மேல தூங்கறது. முழங்காலுக்கு இதமா இருக்கு."

"மடி?"

"அது எப்பவோ போச்சு. மறுபடி குளிக்கணும். நாளைலேர்ந்து எனக்கு முன்னாடி இது குளிச்சுடணும், சொல்லிட்டேன்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "தெரிஞ்சதெல்லாம் சேவிச்சாச்சு. இது எழுந்துக்கற வரைக்கும் வேணும், அலமாரியில இருக்கற அந்தப் பெரிய பாசுரப் புஸ்தகத்தை எடு."