கமிஷனர் அனுப்பிய ஆள்

கமிஷனர் மேஜைக்குப் பின்னால் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்திருந்த இருவரின் முட்டியில் முட்டி படுகிற மாதிரி எதிரே உட்கார்ந்தார். தன் கையாலேயே டீ ஊற்றினார். துக்க வீட்டுக்காரர்களிடம் எவ்வளவு குனிய வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஒருவன் லிஃப்ட் மெக்கானிக். சலவைக்கூடத் தீயில் இறந்தவளின் புருஷன். மற்றவன் அவளுடைய அண்ணன், பஸ் கண்டக்டர். கண்டக்டருக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. மெக்கானிக் அழவே இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான், படுக்கச் சொன்னால் படுத்தான். கல் நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் பேசியது அவன் காதிலும் விழுந்தது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

"அங்க பாய்லர் பார்க்கிறவன்தான் தம்பி," என்றார் கமிஷனர். "முதலாளியோட தகராறு. கதவை வெளியில பூட்டிட்டுத் தீ வெச்சுட்டான்."

"அவன் கை ரெண்டும் வெந்து ஆஸ்பத்திரியில கிடக்கிறானே சார்? கதவைத் திறக்கப் போய்த்தான்னு சொல்றாங்க," என்றான் மெக்கானிக்.

"தீ வெச்சவன் கை சுடாம பின்ன பூவா பூக்கும்?"

"அப்ப பிடிச்சு உள்ள போடுங்க சார்," என்றான் கண்டக்டர்.

"சாட்சி இல்லையேப்பா. நல்ல வக்கீலா வெச்சு வெளிய வந்துடுவான். சட்டம் என் கையைக் கட்டிப் போட்டிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "கூரைக்காரன் கையை யாரும் கட்டல."

கூரைக்காரனைத் தெரியாதவர் ஊரில் கிடையாது. முகமூடி போட்டவன். தெருவின் இந்தப் பக்க மாடியிலிருந்து அந்தப் பக்க மாடிக்கு ஒரே தாவலில் போகிறவன். யார் வேண்டுமானாலும் மொட்டைமாடிக்குப் போய் அவனிடம் முறையிடலாம். சொல்பவரின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பான். பொய் சொன்னால் நெஞ்சு குதித்துக் காட்டிக்கொடுத்துவிடும். குதிக்கவில்லை என்றால், குற்றம் சாட்டப்பட்டவனை மறுநாள் யாரும் உயிரோடு பார்க்க மாட்டார்கள். கமிஷனர் மட்டும் அவனை ஒரு தடவைகூட நேரில் சந்தித்ததில்லை. தன்னை முன்னே நிறுத்திக்கொள்ளாத மனிதர் என்று பத்திரிகைகள் அதையும் புகழ்ந்தன.

"நீங்க போய் மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லுங்க, போதும்." கமிஷனர் மெக்கானிக்கின் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. வேண்டும்போது கலங்குகிற கண். "பக்கத்துக் கட்டிடத்துல கேட்டிருக்காங்க தம்பி. கடைசி வரைக்கும் உங்க பேரைச் சொல்லித்தான் கத்தியிருக்கு அந்தப் பொண்ணு."

கண்டக்டர் டீயைக் கீழே வைத்தான்.

அவன் தங்கை பிறந்ததிலிருந்து பேசியதில்லை. குரலே கிடையாது. கோபம் வந்தால் பாத்திரத்தைப் போட்டு உடைப்பாள். சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் அவன் தொடையை அழுத்திப் பிடித்தான்.

"என் பேரையா சார்?"

"உங்க பேரைத்தான்."

"சரி சார். போய்ச் சொல்றோம்."

வெளியே வந்ததும் கண்டக்டர் வெடித்தான். "கத்திச்சாம்! அவ யாருன்னுகூட விசாரிக்கல பாரு. எல்லார்கிட்டயும் இதே பாட்டுதான் போல. என்னை ஏன் பிடிச்சே மாப்ள? அங்கேயே ரெண்டு விட்டிருப்பேன்."

"விட்டிருந்தா உன்னையும் பூட்டியிருப்பான்."

"அப்ப தீ வெச்சது இந்த ஆளா?"

"தெரியாது மச்சான்."

"கதவைப் பூட்டினது?"

"தெரியாது."

"தங்கச்சி போய்ச் சேர்ந்துட்டா. நீ என்னடான்னா இந்த பஸ் அங்க நிக்குமான்னு கேட்ட மாதிரி பதில் சொல்றே."

மெக்கானிக் மொட்டைமாடிப் படிக்கட்டைப் பார்த்து நடந்தான். கமிஷனரின் வித்தை அவனுக்குப் புரிந்துவிட்டது. பொய்யை நம்புகிறவன் சொன்னால் நெஞ்சு குதிக்காது. அதனால்தான் அழுகிறவர்களாகப் பார்த்து அனுப்புகிறார். அவள் சாவையும் அப்படிக் கூரைக்காரனை எட்டும் ஒரு ஏணியாக்கப் பார்த்தார். கயிறு அறுந்தால் லிஃப்டைத் தண்டவாளத்தோடு கவ்வி நிறுத்தும் ஒரு பல் உண்டு. அப்படி ஏதோ ஒன்று அவனுக்குள் கவ்வி நின்றது.

மொட்டைமாடியில் வெயில் கொளுத்தியது. கூரைக்காரன் தண்ணீர்த் தொட்டி நிழலிலிருந்து எழுந்து வந்தான். முகமூடிக்குள்ளிருந்து வியர்வை நாறியது. கண்டக்டரைப் படிக்கட்டுக் கதவருகே நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து மெக்கானிக்கின் நெஞ்சில் காதை வைத்தான்.

"யார் அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல."

கூரைக்காரன் தலையாட்டினான். "நிஜம். மேல சொல்லு."

மெக்கானிக் ஒரு கணம் வெயிலைப் பார்த்தான். அவள் போனதிலிருந்து தன் நெஞ்சு எதற்கும் அசைவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அது பொய்க்கும் அசையாது என்பது இப்போதுதான் தெரிந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னால் கமிஷனர் ஒரு பொய் சொன்னார் என்று ஆகும், அவ்வளவுதான். நாளைக்கே வேறு ஒருவரின் தோளில் கை வைப்பார்.

"சலவைக்கூடத் தீயில செத்தது என் பொண்டாட்டி. கதவைப் பூட்டச் சொன்னது கமிஷனர். ஜீப் பக்கத்துல நின்னு சொன்னாரு. என் கண்ணால பார்த்தேன்."

காது அங்கேயே இருந்தது. நெஞ்சு சுவர்க் கடிகாரம் போல அடித்துக்கொண்டிருந்தது.

"அவங்க கடைசியா உன் பேரைச் சொல்லிக் கத்தினாங்களா?" என்றான் கூரைக்காரன். "வர்றவங்க எல்லாரும் அதைச் சொல்லுவாங்க."

"அவளுக்குக் குரலே கிடையாது."

கூரைக்காரன் நிமிர்ந்தான். முகமூடியில் தெரிந்த இரண்டு கண்களும் எங்கேயோ போய்விட்டு வந்தன. "எல்லாரும் நிஜம்தான் சொன்னாங்க," என்றான். "ஒருத்தர் நெஞ்சுகூடக் குதிக்கல."

"கமிஷனர் சொன்னதை நம்பினாங்க. அதான் குதிக்கல."

அவன் தன் கையுறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சுவரில் ஏறி, போலீஸ் தலைமையகம் இருக்கும் பக்கமாகத் தாவினான்.

கண்டக்டர் கதவருகே அப்படியே நின்றிருந்தான். "நீ எப்ப பார்த்தே மாப்ள? தீ பிடிக்கும்போது நீ என் பஸ்ஸுலதானே இருந்தே?"

"ஆமா."

"அந்த ஆளு பூட்டச் சொல்லாம இருந்திருந்தா?"

"இருக்கலாம்."

"ஐயோ, கூரைக்காரன் அவன் நெஞ்சுலயும் காது வெப்பானே!"

"வெக்கட்டும் மச்சான். அந்த முகமூடி தன்னைத் தேடி வந்தா எவன் நெஞ்சும் குதிக்கத்தான் செய்யும்."

தலைமையகப் பக்கம் பெரிய கண்ணாடி ஒன்று உடைந்து விழும் சத்தம் கேட்டது. மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே போகலாம் என்று படிக்கட்டை நோக்கி வந்தான். அவன் நெருங்கி வரவும் கண்டக்டர் ஒரு படி பின்னால் இறங்கி நின்றான்.