வெள்ளத்துக்கு மேலே நின்ற கை

"கை மடியுதில்ல, புள்ள" என்றாள் இறந்தவளின் மையித்தைக் குளிப்பாட்ட வந்த உம்மு.

கமீலா வெந்நீர் வாளியைக் கீழே வைத்தாள். பலகையில் மல்லாந்து கிடந்த அவளுடைய கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா சுஹறாவின் வலக்கை மட்டும் கூரையை நோக்கி நீட்டி நின்றது, யாரையோ கூப்பிடுவது மாதிரி. அல்லாஹ்வே, இதைப் பார்க்கவா இந்தக் கண்!

நேற்றுப் பின்னேரம் வயலில் நின்றவர்களுக்குச் சோறு கொண்டு போனவள் சொறிக்கல்முனை வாய்க்காலில் வழுக்கி விழுந்தாள். மாரி வெள்ளம் விடுமா? காலையில் பக்கத்து வயல்காரர் நல்லரெத்தினம்தான் தண்ணீருக்கு மேலே இந்தக் கையைக் கண்டு இழுத்தெடுத்தார். விடியவிடிய மழை பெய்தும் உள்ளங்கை காய்ந்தே இருந்தது என்று சொல்லும்போது அவருக்கு நாக்குக் குழறியது.

மறைப்புச் சீலைக்கு வெளியே சுஹறாவின் புருசன் ஸலாஹுதீன் கத்தினான். அவன் தமிழ் வாத்தியார்.

"அவளக் குளிப்பாட்ட வேணாம்! கைய முறிச்சிப் போடுவீங்க. வெள்ளமே குளிப்பாட்டிட்டு. முழுகினவளுக்கு இன்னொருக்கா என்னத்துக்கு?"

"வெள்ளம் கொண்டு போனது குளிப்பாகாது, வாத்தியார்" என்றார் அவன் பக்கத்தில் நின்ற பள்ளிவாசல் லெவ்வை. "உசிரோட இரிக்கிற மனிசர் நிய்யத்து வெச்சி, மனசால நினைச்சி ஊத்தணும்."

"முழுகுறது எண்டா என்ன தெரியுமா? 'முழு' எங்கிற சொல்லுல இரிந்து வந்தது. ஒண்டும் மிச்சமில்லாம, முழுசா..."

முழுசா என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது. சுஹறா இருந்திருந்தால், 'இந்த மனிசனுக்குச் சோத்தையும் சொல்லுப் பிரிச்சித்தான் குடுக்கணும்' என்று சிரித்திருப்பாள்.

உம்மு குரலைத் தாழ்த்தினாள். "அப்ப இவ இன்னும் முழுசாப் போகல்ல, புள்ள. கை இரிக்கே."

உம்மு அந்த முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நேரம் போகுது. அமத்தித்தான் மடக்கணும். மூட்டு விட்டாலும் விடும்."

"வேணாம் மாமி. ராத்தாட கைய முறிக்க விடமாட்டன்."

தோள்மூட்டில் வெந்நீரை ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். அசையவில்லை. மறுபடி ஊற்றினாள். கட்டைபோல நின்றது. என்ன நினைத்தாளோ, வாளியை விட்டுவிட்டு அந்த உள்ளங்கைக்குள் தன் கையை வைத்தாள்.

"ராத்தா, நான்தான். இரிக்கன்."

கை இறங்கியது. யாரும் அமத்தாமல், மெல்ல மெல்ல வந்து விலாவோடு படிந்தது. "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று உம்மு பின்னுக்குப் போனாள்.

"கமீலா, கை..?" வெளியிலிருந்து ஸலாஹுதீன் கேட்டான்.

"இறங்கிட்டு, மச்சான்."



உம்மு தண்ணீர் ஊற்றி முடித்து, துடைத்து, உடலைச் சுற்றும் கபன் சீலையை விரித்தாள். "கைய எடு, புள்ள."

கமீலா இழுத்துப் பார்த்தாள். சுஹறாவின் விரல்கள் அவளுடைய விரல்களைச் சுற்றி மூடியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்க உம்மு குனிந்தாள்.

"இரிங்க மாமி. மத்தப் பக்கத்தால சுத்துங்க."

வாசலில் மையித்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. கமீலா கையை இழுக்கவில்லை.